லாக்அவுட் அழுத்தியாச்சு... ஆனா உண்மையிலேயே வெளியே வந்துட்டோமா?

வரி, மியூச்சுவல் ஃபண்ட், இன்சூரன்ஸ்னு பேசிக்கிட்டு இருக்கிற இடத்துல இன்னைக்கு ஒரு சாஃப்ட்வேர் விஷயம். "ஆடிட்டருக்கு இது எதுக்கு?"ன்னு நீங்க கேட்கலாம். காரணம் இருக்கு. ஒரு கேஷியர் பெண்ணின் சம்பளத்தில் 18,400 ரூபாய் பிடிக்க ஆரம்பித்திருந்தார்கள். அவர் எடுக்காத பணம். அவர் பெயரில் அது வந்து விழுந்ததற்கு ஒரே காரணம், அந்தக் கடையின் பில்லிங் சாஃப்ட்வேரில் லாக்அவுட் பாதியில் நின்றுபோனதுதான்.

அந்தக் கதைக்குப் போவதற்கு முன்னால் செஷன் என்றால் என்ன என்பதை இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

ஒரு வெப்சைட்டுக்கு நீங்கள் யார் என்பது தானாக நினைவில் இருக்காது. ஒவ்வொரு க்ளிக்கும் அதற்குப் புது ஆள் வந்த மாதிரிதான். அதனால் லாகின் செய்ததும் உங்களுக்கு ஒரு டோக்கன் கொடுக்கிறது. கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையில் ஒரு டோக்கன், உள்ளே அதே நம்பர் போட்ட தட்டில் உங்கள் செருப்பு. கையில் இருக்கும் டோக்கன்தான் பிரவுசரில் இருக்கும் குக்கீ. உள்ளே இருக்கும் தட்டுதான் சர்வரில் இருக்கும் செஷன். உங்கள் பெயர், எந்தக் கவுன்ட்டர், பாதியில் நிற்கும் பில் எல்லாம் அந்தத் தட்டில் இருக்கும்.

லாக்அவுட் என்றால் டோக்கனைத் திரும்ப வாங்கிக்கொண்டு தட்டையும் காலி செய்ய வேண்டும். இரண்டும் நடந்தால் கணக்கு முடிந்தது. டோக்கன் உங்கள் கையிலேயே இருந்து, தட்டிலும் செருப்பு இருந்தால், கணக்குப்படி நீங்கள் இன்னும் கோயிலுக்குள்ளேதான் இருக்கிறீர்கள். வீட்டில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாலும் சரி.

கடையைச் சாத்தும்போது என்ன செய்வீர்கள்?

கல்லாவை எண்ணுவீர்கள். நோட்டில் எழுதுவீர்கள். ஓனருக்கு போன் போட்டு இன்றைய வியாபாரம் இவ்வளவு என்று சொல்வீர்கள். லைட்டை அணைப்பீர்கள். ஷட்டரை இறக்கிப் பூட்டுவீர்கள்.

ஓனர் போனை எடுக்கவில்லை என்று வையுங்கள். "அவர் எடுக்கலை, அதனால இனிமே எதுவும் செய்ய முடியாது" என்று ஷட்டரைத் திறந்துபோட்டுவிட்டு வீட்டுக்குப் போவீர்களா? மனிதன் யாரும் போகமாட்டான். சாஃப்ட்வேர் போகும். சரியாக எழுதாவிட்டால் அப்படித்தான் போகும்.

எக்செப்ஷன் என்பது இதுதான். கோடில் தப்பு இருக்கிறது என்று அதற்கு அர்த்தம் இல்லை. "நீ சொன்ன வேலையைச் செய்ய முடியவில்லை, இதற்கு மேல் எப்படிப் போவது என்று தெரியவில்லை" என்று புரோகிராம் கையைத் தூக்குவது. அதைப் பிடித்து, என்ன செய்ய வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லையென்றால், அந்த வரிக்குக் கீழே இருக்கும் வேலைகள் எதுவும் நடக்காது. வழக்கமாக ஷட்டர்தான் கடைசி வரியில் இருக்கும்.

அந்த ஜவுளிக்கடையில் நடந்தது

ஈரோடு பக்கம் ஒரு ஜவுளிக்கடை, பார்ட்னர்ஷிப் ஃபர்ம். உள்ளூர் டெவலப்பர் ஒருவர் எழுதிக் கொடுத்த, பிரவுசரில் ஓடும் பில்லிங் சாஃப்ட்வேர். ஒரு கவுன்ட்டரில் காலை 9 முதல் 3 வரை ஒரு பெண். அதற்குப் பிறகு ராத்திரி வரை இரண்டு பேர் மாறி மாறி உட்காருவார்கள்.

ஸ்டாக் எடுத்தபோது இரண்டு பட்டுப்புடவைகள் குறைந்தன. 11,250 ரூபாய்க்கு ஒன்று, 7,150 ரூபாய்க்கு ஒன்று. சாஃப்ட்வேரில் தேடினால் இரண்டுக்கும் பில் போடப்பட்டு, பிறகு கேன்சல் ஆகியிருந்தது. பணம் வாங்கிய பில்லைக் கேன்சல் செய்துவிட்டுக் காசை எடுத்துக்கொள்வது ரொம்பப் பழைய வித்தை. கல்லா சரியாக இருக்கும், சரக்கு மட்டும் குறையும். கேன்சல் செய்தவர் பெயர் என்ற இடத்தில் இரண்டிலும் காலை ஷிஃப்ட் பெண்ணின் பெயர். ஓனர் வேறு எதையும் பார்க்கவில்லை. மாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்து முதல் தவணையையும் பிடித்துவிட்டார்.

என் கண்ணில் பட்டது நேரம். ஒரு கேன்சல் ராத்திரி 8:41க்கு, இன்னொன்று வேறொரு நாள் 9:05க்கு. அந்த இரண்டு நாளும் அந்தப் பெண் 3 மணி தாண்டியதும் கைரேகை வைத்துவிட்டுக் கிளம்பியிருக்கிறார். பாஸ்வேர்டை யாருக்காவது கொடுத்தாரா? இல்லை என்று அழுதுகொண்டே சொன்னார். அழுகை ஆடிட் எவிடென்ஸ் ஆகாது. அதனால் டெவலப்பரைக் கூப்பிட்டு லாகின், லாக்அவுட் நேரங்களையும் சர்வரின் எரர் பதிவையும் கேட்டேன்.

அவர் எழுதியிருந்த லாக்அவுட் வரிசை இப்படி இருந்தது. முதலில் பாதியில் நிற்கும் பில்லைச் சேமிப்பது. அடுத்து கவுன்ட்டர் வியாபாரத்தின் சுருக்கத்தை ஓனருக்கு மெயில் அனுப்புவது. அடுத்து லாக்அவுட் நேரத்தைப் பதிவது. கடைசியாகச் செஷனை அழிப்பது. மெயில் சர்வர் சில நாட்களில் மதியம் பதில் சொல்லாமல் இழுத்தடித்திருக்கிறது. அங்கே எக்செப்ஷன். நேரமும் பதிவாகவில்லை, செஷனும் அழியவில்லை.

"ஆனா அந்தப் பொண்ணு ஸ்கிரீன்ல லாகின் பக்கம் வந்துச்சுன்னு சொல்லுதே?" என்று ஓனர் கேட்டார். நியாயமான கேள்வி. பிரவுசர் பக்கம் எழுதிய கோட், சர்வர் என்ன பதில் சொன்னது என்று பார்க்காமலே லாகின் பக்கத்தைக் காட்டிவிட்டது. குக்கீ அப்படியே இருந்தது. சாயங்காலம் வந்தவர்கள் டெஸ்க்டாப்பில் இருந்த பில்லிங் ஷார்ட்கட்டை க்ளிக் செய்தார்கள், நேராக பில்லிங் பக்கம் திறந்தது. "இன்னைக்கு பாஸ்வேர்டு கேக்கலை, நல்லதாப் போச்சு" என்று வேலையைப் பார்த்திருக்கிறார்கள். மேலே மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும் பெயரை, வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது யார் பார்ப்பார்கள்? போதாக்குறைக்கு, அடிக்கடி லாகின் கேட்கிறது என்று முன்பு யாரோ புகார் சொன்னதால் செஷனின் ஆயுளை 12 மணி நேரமாக வைத்திருந்தார்கள்.

மூன்று மாதப் பதிவில் 11 நாட்கள் அந்தக் கவுன்ட்டருக்கு மதிய லாக்அவுட் பதிவே இல்லை. அந்த 11 நாட்களிலும் 3 மணியை ஒட்டி எரர் பதிவில் மெயில் சர்வர் பதில் தரவில்லை என்ற வரி இருந்தது. இரண்டு கேன்சலும் அந்த 11 நாட்களுக்குள்ளேயே வந்தன.

பிடித்த பணத்தை ஓனர் திருப்பிக் கொடுத்தார். எடுத்தது யார் என்று மட்டும் கடைசி வரை சொல்ல முடியவில்லை. சாயங்கால ஷிஃப்டில் இரண்டு பேர். பதிவில் இருப்பது மூன்றாவது ஆளின் பெயர். ஒருவர் மேல் சந்தேகம் இருந்தது. ஆனால் சந்தேகத்தின் பேரில் சம்பளத்தைப் பிடித்ததில்தானே இவ்வளவும் ஆரம்பித்தது.

ஆடிட் ட்ரெயில் இருந்தால் போதுமா?

கம்பெனிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் ஒரு விதி இருக்கிறது. சாஃப்ட்வேரில் கணக்கு எழுதினால், ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு பதிவாகும் ஆடிட் ட்ரெயில் வசதி அதில் இருக்க வேண்டும், அதை அணைத்துவைக்க முடியக்கூடாது. அது வருடம் முழுக்க ஓடியதா, யாராவது கை வைத்தார்களா என்று ஆடிட்டர் தன் அறிக்கையில் சொல்ல வேண்டும். மேலே சொன்ன கடை பார்ட்னர்ஷிப் என்பதால் இந்த விதி அதற்குப் பொருந்தாது. ஆனாலும் டெவலப்பர் பெருமையாகச் சொன்னார், "சார், நம்ம சாஃப்ட்வேர்ல எடிட் லாக் பக்காவா இருக்கு."

இருந்தது. ஒரு வரி கூட விடவில்லை. ஆனால் அதில் "யார்" என்ற இடத்தில் விழும் பெயர் செஷனிலிருந்து வருகிறது. செஷன் தப்பான ஆளுடையது என்றால், ஆடிட் ட்ரெயில் ஒரு பொய்யை மிக ஒழுங்காக எழுதி வைக்கும். என்னைக் கேட்டால், லாக் இல்லாத சாஃப்ட்வேரை விட இது ஆபத்து. லாக் இல்லையென்றால் யாரும் அதை நம்பி யார் மேலும் பழி போட மாட்டார்கள்.

சரி, எப்படி எழுதியிருக்க வேண்டும்?

நான் கோட் எழுதுபவன் இல்லை. ஆனால் அந்த டெவலப்பரோடும், இதே வேலையில் இருக்கும் இன்னும் இரண்டு நண்பர்களோடும் உட்கார்ந்து பேசியதில் எனக்குப் புரிந்தது இது. கோட் எழுத ஆள் வைத்திருக்கும் வியாபாரிகள் இதை அப்படியே அவர்களுக்கு அனுப்பலாம்.

முதலில் ஷட்டர். யூசர் யார், எந்தக் கவுன்ட்டர் என்ற விவரத்தைத் தனியாகக் கையில் எடுத்துக்கொண்டு, உடனே செஷனை அழித்துவிட வேண்டும். மெயில், ரிப்போர்ட், தற்காலிக ஃபைல்களை நீக்குவது எல்லாம் அதற்குப் பிறகு. அந்த வேலைகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ட்ரை-கேட்ச். மெயில் போகவில்லை என்பதற்காக ஃபைல் நீக்குவது நிற்கக்கூடாது. இன்னும் சொல்லப்போனால் மெயில் அனுப்புவது லாக்அவுட்டின் வேலையே இல்லை. "அனுப்ப வேண்டியவை" என்று ஒரு வரிசையில் போட்டுவிட்டால், வேறொரு புரோகிராம் சாவகாசமாக அனுப்பிக்கொள்ளும், போகவில்லையென்றால் திரும்ப முயற்சி செய்யும்.

அடுத்தது, பிடித்த எக்செப்ஷனை என்ன செய்வது? பலர் கேட்ச் என்று எழுதிவிட்டு உள்ளே ஒன்றும் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். எரர் வராது, எல்லாம் அழகாகத் தெரியும். கணக்கு டேலி ஆகாத வித்தியாசத்தை நரேஷன் கூடப் போடாமல் சஸ்பென்ஸ் கணக்கில் தள்ளுவதும் இதுவும் ஒன்றுதான். மார்ச் மாதம் வந்து உட்காரும்போது யாருக்கும் ஒன்றும் நினைவிருக்காது. எந்த யூசர், எந்த வேலை, எத்தனை மணி, என்ன எரர் என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போக வேண்டும். அந்தக் கடையில் உருப்படியாக இருந்த ஒரே விஷயம் சர்வரின் எரர் பதிவு. அது இல்லையென்றால் அந்தப் பெண்ணுக்காகப் பேச என்னிடம் எதுவும் இருந்திருக்காது.

ஒரு சின்ன விஷயம், ஆனால் எல்லாருக்கும் எரிச்சல் தருவது. நீங்கள் அரை மணி நேரம் சும்மா விட்டுவிட்டு வந்து லாக்அவுட் அழுத்துகிறீர்கள், சிவப்பாக ஒரு எரர் வருகிறது. செஷன் ஏற்கெனவே காலாவதி ஆகிவிட்டது, அதைத் திரும்ப அழிக்கப் பார்க்கிறது சாஃப்ட்வேர். ஜாவாவில் ஏற்கெனவே முடிந்துபோன செஷனை மறுபடி முடிக்கச் சொன்னால் இல்லீகல் ஸ்டேட் எக்செப்ஷன் என்று ஒன்று வரும். யூசரைப் பொறுத்தவரை இதில் பிரச்சினையே இல்லை. ஷட்டர் மூடியிருக்க வேண்டும், மூடித்தான் இருக்கிறது. அமைதியாக லாகின் பக்கத்தைக் காட்டினால் போதும்.

உண்மையான பிரச்சினை, செஷனை அழிக்கும் வேலையே தோற்றுப்போவது. செஷன்களைத் தனி டேட்டாபேஸில் வைத்திருப்பார்கள், அந்த நேரம் பார்த்து அது பதில் சொல்லாது. இங்கே மட்டும் "வெற்றிகரமாக வெளியேறிவிட்டீர்கள்" என்று காட்டக்கூடாது. பிரவுசரின் குக்கீயையாவது நீக்கிவிட்டு, "முழுமையாக வெளியேற முடியவில்லை, பிரவுசரை மூடிவிட்டுத் திரும்ப முயற்சி செய்யுங்கள்" என்று உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தச் செஷனைக் குறித்துவைத்து, டேட்டாபேஸ் எழுந்ததும் முதல் வேலையாக அழிக்க வேண்டும்.

பாதியில் நிற்கும் பில்லை என்ன செய்வது? அதை லாக்அவுட் வரை வைத்திருந்ததே தப்பு. ஒவ்வொரு ஐட்டம் சேர்க்கும்போதும் சேமித்துவிட்டால், லாக்அவுட்டில் சேமிக்க எதுவும் மிச்சம் இருக்காது. ஜவுளிக்கடையில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரே ஒரு பீஸ் இருக்கும் புடவையைப் பாதி பில்லில் சேர்த்ததும் அது வேறு கவுன்ட்டரில் விற்காதபடி லாக் ஆகிவிடும். லாக்அவுட் சரியாக நடக்காவிட்டால் அந்த லாக் விடுபடாது. புடவை கண் முன்னால் அலமாரியில் இருக்கும், சாஃப்ட்வேர் ஸ்டாக் இல்லை என்னும். லாக் போடும்போதே "20 நிமிடத்தில் தானாக விடுபடும்" என்று வைத்துவிட்டால் லாக்அவுட்டை நம்பி இருக்க வேண்டியதில்லை.

லாக்அவுட்டே செய்யாதவர்கள்

நம்மில் பாதிப் பேர் இந்த ரகம்தான். டேபை மூடுவோம், அல்லது கரண்ட் போய்விடும். அப்போது சர்வர் தானாகச் சுத்தம் செய்ய வேண்டும். டாம்கேட்டில் இயல்பாகவே 30 நிமிடம் சும்மா இருந்தால் செஷன் காலாவதி. பிஹெச்பியில் இயல்பான கணக்கு 1,440 நொடி, அதாவது 24 நிமிடம். ஆனால் பிஹெச்பியின் அடிப்படை அமைப்பில், நூற்றில் ஒரு தடவைதான் பழைய செஷன்களைக் கூட்டித் தள்ளும் வேலை நடக்கும். யாராவது பக்கத்தைத் திறந்தால்தான் அந்த வாய்ப்பும் வரும். கூட்டம் இல்லாத சின்னக் கடையில், 24 நிமிடம் தாண்டிய செஷன் அதற்கப்புறமும் கிடக்கலாம். அதனால் கடைசியாக எப்போது பயன்படுத்தினார்கள் என்ற நேரத்தைச் செஷனுக்குள்ளேயே வைத்து, ஒவ்வொரு தடவையும் சரிபார்ப்பது நல்லது.

ஏஎஸ்பி டாட் நெட்டில் எழுதிய பழைய சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதில் செஷன் முடியும்போது ஓடும் செஷன் எண்ட் என்ற இடத்தில் சுத்தம் செய்யும் கோடை எழுதியிருப்பார்கள். செஷன் அதே சர்வரின் நினைவகத்தில் இருக்கும் வரைதான் அது ஓடும். வியாபாரம் வளர்ந்து, இரண்டாவது சர்வர் போட்டு, செஷனை டேட்டாபேஸுக்கு மாற்றினால் அது ஓடவே ஓடாது. எரர் கூட வராது.

ராத்திரி பழைய செஷன்களை மொத்தமாக நீக்கும் புரோகிராமிலும் இதே கதைதான். 500 செஷன்களில் ஏழாவது கோளாறாக இருந்து எக்செப்ஷன் வந்தால், மீதி 493 அப்படியே நிற்கும். ஒரு வீடு பூட்டியிருந்தால் போஸ்ட்மேன் அந்தத் தெருக் கடிதங்களை எல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டு போவாரா? அதைக் குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்.

கடை இல்லாத நமக்கு

நெட் பேங்கிங், வருமான வரி போர்ட்டல் இரண்டிலும் டேபை மூடுவது லாக்அவுட் ஆகாது. வரி போர்ட்டலில் லாக்அவுட் செய்யாமல் மூடிவிட்டு உடனே திரும்ப உள்ளே போனால், ஏற்கெனவே ஒரு செஷன் திறந்திருக்கிறது என்று கேட்கும். "இங்கே லாகின்" என்று கொடுத்தால் பழையது மூடப்படும். நீங்கள் வேறு எங்கும் திறக்காதபோது அந்தச் செய்தி வந்தால், உங்கள் ஆடிட்டரோ அவர் ஆபீஸ் பையனோ உள்ளே இருக்கலாம், போன் போட்டுக் கேளுங்கள். அவர்களும் இல்லையென்றால் உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

பணம் கட்டும் நடுவில் செஷன் அறுந்துபோனால் பதறிப்போய் இரண்டாவது தடவை கட்டாதீர்கள். முதலில் பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் பாருங்கள். வரியாக இருந்தால் இ-பே டேக்ஸ் பக்கத்தில் பேமென்ட் ஹிஸ்டரியைப் பாருங்கள், சலான் அங்கே வந்திருக்கலாம். ஜிஎஸ்டி என்றால், பணம் கழிந்தும் கேஷ் லெட்ஜரில் ஏறாவிட்டால் பிஎம்டி-07 என்ற படிவம் அதற்காகவே இருக்கிறது. கடையில் யுபிஐயில் கட்டி, உங்கள் கணக்கில் கழிந்து, கடைக்காரருக்கு உறுதி போகவில்லையா? ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. நீங்கள் புகார் கொடுக்காவிட்டாலும் இந்த இழப்பீடு தானாக வர வேண்டும் என்பதுதான் விதி.

ஒரு பத்து நிமிட சோதனை

கடை, கிளினிக், டியூஷன் சென்டர் என எங்கே பிரவுசரில் ஓடும் சாஃப்ட்வேர் வைத்திருந்தாலும் இதைச் செய்து பாருங்கள். லாக்அவுட் செய்யுங்கள். பிறகு பில்லிங் பக்கத்தின் ஷார்ட்கட்டை நேராகத் திறங்கள். பேக் பட்டனை அழுத்திப் பார்ப்பது போதாது, பிரவுசர் பழைய பக்கத்தின் நகலைக் காட்டி ஏமாற்றும். உள்ளே போய் ஒரு பில் போட முடிகிறதா என்று பாருங்கள்.

அடுத்து டெவலப்பரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மெயில் செட்டிங்கில் பாஸ்வேர்டை வேண்டுமென்றே தப்பாகப் போடச் சொல்லுங்கள். எஸ்எம்எஸ், வாட்ஸ்அப் எது லாக்அவுட்டோடு இணைந்திருந்தாலும் அதையும் ஒவ்வொன்றாக இப்படிக் கெடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு தடவையும் லாக்அவுட், ஷார்ட்கட், பில். எல்லா முறையும் பாஸ்வேர்டு கேட்க வேண்டும், லாக்அவுட் நேரம் பதிவாகியிருக்க வேண்டும், மெயில் போகவில்லை என்ற எரரும் பதிவில் இருக்க வேண்டும். முடிந்ததும் சரியான பாஸ்வேர்டைத் திரும்பப் போட மறந்துவிடாதீர்கள்.

அப்படியே பில்லிங் ஸ்கிரீனில் யூசர் பெயரைப் பெரிய எழுத்தில், நடுவில் போடச் சொல்லுங்கள். அந்த ஜவுளிக்கடையில் இப்போது அப்படித்தான் இருக்கிறது. பெயரை மாற்றி உட்கார்ந்தால் பக்கத்துக் கவுன்ட்டர்க்காரரே "அண்ணே, அது அக்கா பேரு" என்று சொல்லிவிடுகிறார்.